கார்த்திகைப்பூக் கிழங்கு: இலை வருது, பூ வரேல்லை, ஏன்?

பதிவு 1 | கதியால்

எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமாய்ச் சொல்லுறன். இடம் யாழ்ப்பாணம் கொக்குவில், செம்மண், கிணத்துத் தண்ணி. ஆவணிக் கடைசியில கார்த்திகைப்பூக் கிழங்கு 3 நட்டது. ஒண்டை உருளைக்கிழங்கு மாதிரி நாலு துண்டாய் வெட்டிச் சாடியில. மற்ற ரெண்டும் முழுசாய் மல்லிகைப் பாத்தி ஓரத்தில. துண்டு ஒண்டும் முளைக்கேல்லை. பாத்தியில ஒண்டு முழ உயரம் வந்து இலையோட நிண்டிட்டுது. மற்றதைக் கிண்டிப் பாத்தால் உள்ளுக்குக் களியாய்க் கிடக்கு. இப்ப தை முடியுது, நிண்ட கொடியும் மஞ்சளாகுது. தண்ணியைக் கூட்டவோ, பசளை போடவோ?

பதிவு 2 | செம்மண்

ரெண்டும் வேண்டாம். தண்ணியை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

தை மாசியில கொடி மஞ்சளாகிறது வருத்தம் இல்லை, அது நித்திரைக்குப் போகிற வழி. இலையில கிடக்கிற சத்து முழுக்கக் கிழங்குக்கு இறங்குற நேரம் இது. பச்சையாய் இருக்கேக்க கொடியை வெட்டினால் வாற வருசக் கிழங்கு சிறுக்கும். தானாய்க் காய்ந்து, பிடிச்சு இழுத்தால் கையோட வரும்வரைக்கும் விடுங்கோ.

வெட்டின துண்டு ஏன் முளைக்கேல்லை எண்டதுக்கு, கிழங்கு என்ன சாமான் எண்டு தெரியவேணும். உருளைக்கிழங்கில உடம்பெல்லாம் கண். இதில அப்பிடி இல்லை. நல்ல கிழங்கைக் கையில எடுத்தால் கலப்பை மாதிரி ரெண்டு கை விரிஞ்சு கிடக்கும். அதாலதான் கலப்பைக் கிழங்கு எண்டு பேர். தமிழ்நாட்டில கண்வலிக் கிழங்கு எண்டுவினம். ஒவ்வொரு கையின்ர நுனியிலயும் ஒரேயொரு முளை. அவ்வளவுதான். நடுவில, வளைவில, பக்கத்தில ஒரு இடத்திலயும் வேற முளை கிடையாது. நீங்கள் நாலு துண்டு போட்டதில நடுத் துண்டு ரெண்டும் வெறும் மா. நுனித் துண்டு ரெண்டிலயும் முளை முறிஞ்சிருக்கவேணும், இல்லாட்டி வெட்டுவாயால பங்கசு ஏறியிருக்கவேணும்.

நுனி முளை ஈர்க்குத் தலைப்பு முறியிற மாதிரி லேசாய் முறியும். வாங்கேக்க முதல் பாக்கவேண்டியது நுனிதான், பருமன் பிறகு. ரெண்டு நுனியும் மழுங்கின 200 கிராம் கிழங்கை விட, ஒரு நுனி சரியாய் நிக்கிற 50 கிராம் கிழங்கு எவ்வளவோ மேல்.

பதிவு 3 | வடலி

செம்மண் அண்ணை சொன்னதோட ஒண்டு: பிரிக்கவே கூடாது எண்டில்லை. வளைவில, ரெண்டு கையும் சேருற முட்டியில, ஒரே ஒரு வெட்டு. அப்ப ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நுனி மிஞ்சும். கத்தியை நெருப்பில காட்டிப்போட்டு வெட்டி, வெட்டுவாயில மரக்கரித்தூள் தடவி, நிழலில 3, 4 நாள் காயவிட்டு நடவேணும். வெட்டுவாய் தோல் பிடிச்ச மாதிரி இறுகவேணும். ஈரம் கசியேக்க நட்டால் ஒரு கிழமையில களி.

ஆனால் பிரிக்கிறதில லாபம் குறைவு. பிரிக்காமல் விட்டாலும் ரெண்டு கையும் தனித்தனியாய் முளைக்கும். ஒவ்வொரு முளையின்ர அடியிலயும் புதுசாய் ஒரு கலப்பை உருவாகும், பழசு சப்பிப்போன தோலாய்ப் போகும். நல்ல வருசத்தில ஒண்டு ரெண்டாகும். எடுக்கேக்க அதுகளே பிரிஞ்சு வரும்.

பதிவு 4 | கதியால்

விளங்குது. அப்ப முழுசாய் நட்ட ரெண்டும்? அழுகினதைக் குத்தி நட்டது, நுனி மேல பாக்க. மற்றதைச் சரிச்சு.

பதிவு 5 | செம்மண்

குத்தி நடக்கூடாது. ஒரு கை மேல நிண்டால் மற்றக் கை அரை அடிக்குக் கீழ போயிடும், அங்கதான் ஐப்பசி கார்த்திகை மழை தேங்கும். படுக்கப் போட்டு, நுனி முளை லேசாய் மேல பாக்கிற மாதிரி வைச்சு, மேல 2 தொடக்கம் 3 அங்குலம் மண். அதைவிட ஆழம் தேவையில்லை. கிழங்குக்குக் கிழங்கு ஒரு அடி இடைவெளி.

ஆனால் உங்கட ரெண்டுக்கும் மூலக் காரணம் மல்லிகைப் பாத்தி எண்டுதான் நினைக்கிறன். மல்லிகைக்கு நீங்கள் ஆவணி புரட்டாதியில நாளாந்தம் தண்ணி விட்டிருப்பியள். முளை எழும்பாத கிழங்குக்கு வேர் இல்லை. வேர் இல்லாத கிழங்கு தண்ணி குடிக்காது, ஊறும். ஊறினால் அழுகும். ரெண்டும் ஒரே பாத்தியில இருந்தால் ஒண்டு சாகத்தான் செய்யும், சாகிறது எப்பவும் மல்லிகை இல்லை.

பூக்காமல் நிண்டது கிழங்கின்ர பருமனால. நட்டது எவ்வளவு நிறை?

பதிவு 6 | கதியால்

நிறுக்கேல்லை. சின்னிவிரல் மொத்தம், நீளம் ஒரு 2 அங்குலம்.

பதிவு 7 | செம்மண்

காணாது. அது 10, 15 கிராமுக்கு மேல வராது. அந்தப் பருமனில கிழங்கு இலை மட்டும் தரும். அடுத்த வருசம் 25, 30 ஆகும், அதில ஒண்டு ரெண்டு பூ வரலாம். தாராளமாய்ப் பூக்கிறதுக்கு 50, 60 கிராம் வேணும். தமிழ்நாட்டில விதைக்காகத் தோட்டமாய்ச் செய்யிறவையும் நடுகைக்கு அந்த நிறையைத்தான் எடுக்கினம். ஆக உங்கட கொடி பிழை ஒண்டும் செய்யேல்லை, வயது காணாது.

பதிவு 8 | மாவிட்டபுரம்_மல்லிகை

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இங்க சாடியில வைக்கிறனாங்கள். புரட்டாதிக் கடைசியில கிழங்கைக் கிண்டி எடுத்து, காய்ந்த தும்புத்தூளுக்குள்ள போட்டு, குளிர் முடிய, சித்திரையில வெளியில நடுறது. ஊரிலயும் அப்பிடி வருசா வருசம் கிண்டி எடுக்கிறதுதானே முறை? புத்தகம் எல்லாம் எடு எண்டுதான் சொல்லுது.

இன்னொரு கேள்வி. இங்க கடையில கொல்சிக்கம் எண்டு ஒரு கிழங்கு விக்குது, இலை இல்லாமல் ஊதாப் பூ மட்டும் வரும். அதும் கார்த்திகைப்பூவின்ர குடும்பம் எண்டு மட்டையில போட்டிருக்கு. ஊருக்கு அனுப்பினால் வளருமோ அண்ணை?

பதிவு 9 | வடலி

தங்கச்சி, புத்தகம் எடு எண்டு சொல்லுறது உறைபனி விழுகிற ஊருக்கு. கிழங்குக்கு வேண்டியது எடுக்கிறது இல்லை, காய்ந்த ஓய்வு. யாழ்ப்பாணத்தில அதை வானமே குடுக்குது. மாசி தொடக்கம் ஆவணிவரை நிலம் வறண்டு கிடக்கும். வடமராட்சி மணலில வேலியோரத்துக் கார்த்திகைப்பூவை ஒருத்தரும் கிண்டுறேல்லை, ஒருத்தரும் தண்ணி விடுறேல்லை. மழை விழ எழும்புது, கார்த்திகையில பூக்குது, தையில விழுது. மாதத்தின்ர பேரே பூவுக்கு விழுந்ததுக்குக் காரணம் அதுதான்.

எடுத்தால் வாற கெடுதி ரெண்டு. ஒண்டு, அலவாங்கோ மண்வெட்டியோ பட்டு நுனி முறியும். ரெண்டு, ஏழு மாதம் வெளியில கிடந்தால் கிழங்கு வத்தல் மாதிரிச் சுருங்கும். சுருங்கின கிழங்கு முளைச்சாலும் முதல் வருசம் பூக்க யோசிக்கும்.

பதிவு 10 | செம்மண்

வடலி சொல்லுறது மணலுக்குச் சரி, வேலியோரத்துக்கும் சரி. வீட்டுத் தோட்டத்துக்கு அப்பிடியே எடுக்கேலாது. ஏனெண்டால் வீட்டில ஒருத்தர் கோடையில குழாயோட நிப்பார். கத்தரிக்கு விடுற தண்ணி, மிளகாய்க்கு விடுற தண்ணி, வாழைக்கு விடுற தண்ணி எல்லாம் பக்கத்தால ஊறும். அப்பிடியான இடத்தில கிழங்கு கிடந்தால் எடுக்கத்தான் வேணும்.

எடுக்கிறதெண்டால் இப்பிடி. கொடி முழுக்கக் காய்ந்து 2, 3 கிழமை போகட்டும், தோல் இறுக வேணும். கொடி நிண்ட இடத்தில இருந்து முக்கால் முழம் தள்ளி, சுத்தவரக் கிண்டி, மண்கட்டியோட உயர்த்திக் கையால உதிருங்கோ. கழுவக்கூடாது. நிழலில ஒரு கிழமை. பிறகு வாய் அகன்ற மண்முட்டியில காய்ந்த மணல் ஒரு படை, கிழங்கு ஒரு படை, ஒண்டை ஒண்டு முட்டாமல். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளுக்கு வேர்க்கும். காற்றோட்டமான நிழல். மாதத்துக்கு ஒருக்கால் தட்டிப் பாத்து மெத்தெண்டு இருக்கிறதை எறியுங்கோ. சித்திரை மழைக்கு முட்டி நனையக்கூடாது, நனைஞ்சால் வைகாசியில நேரங்கெட்ட முளை வந்து வெய்யிலில பொசுங்கும்.

சாடிக்காரருக்கு இன்னும் சுகம். கிண்டவே தேவையில்லை. சாடியோட தூக்கித் தாழ்வாரத்துக்குள்ள, தூவானம் படாத இடத்தில, புரட்டாதிவரைக்கும் மறந்திடுங்கோ.

பதிவு 11 | வடலி

சாடிக்குச் சரி. நிலத்தில கிடக்கிறதுக்கு என்ர முடிவு மாறேல்லை: தண்ணி படாத மூலையைத் தேடி நடு, கிண்டாதே. இடத்தைப் பிழையாய்த் தெரிஞ்சுபோட்டு வருசா வருசம் கிண்டிக்கொண்டு நிக்கிறது வீண் வேலை.

பதிவு 12 | துரவு

குடும்பம் பற்றிக் கேட்டதுக்கு. முந்தி இதெல்லாம் லில்லிக் குடும்பம் எண்ட ஒரே கடகத்துக்குள்ள கிடந்தது. இப்ப கொல்சிக்கேசி எண்டு தனிக் குடும்பம். சின்னக் குடும்பம்தான்: ஏறக்குறைய 15 பேரினம், 300 இனத்துக்கும் குறைவு. ஓர்க்கிட்டுக் குடும்பத்தில 25,000 இனத்துக்கு மேல இருக்கு எண்டதை வைச்சுப் பாருங்கோ. ஆபிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, வட அமெரிக்கா எல்லாத்திலயும் ஆக்கள் இருக்கினம். தென் அமெரிக்காவில மட்டும் இயற்கையாய் ஒண்டும் இல்லை.

இந்தக் குடும்பத்தில கனபேர் தண்டுக்கிழங்கில இருந்து எழும்புறவை. தண்டுக்கிழங்கு எண்டால், வெங்காயத்தைக் குறுக்கால வெட்டினால் தெரியிற படைபடையான இதழ் இங்க இல்லை. வெங்காயம் குமிழ், அது இலை தடிச்சது. இது தண்டு தடிச்சது, வெட்டினால் உள்ளுக்கு ஒரே மா. கரணைக்கிழங்கும் கிளாடியோலசும் தண்டுக்கிழங்குதான், ஆனால் வேற குடும்பங்கள். பழசு கரைஞ்சு புதுசு உருவாகிற பழக்கம் கிளாடியோலசிலயும் பாக்கலாம்.

கார்த்திகைப்பூவுக்கு லின்னேயசு 1753இல வைச்ச பேர் குளோரியோசா சுப்பேர்பா. கடையில 'ரொத்சைல்டியானா' எண்டு கூட விலைக்கு விக்கிறது வேற இனம் இல்லை, இதே இனத்தில தெரிவு செய்த பெரிய பூ வகை. தமிழ்நாட்டு மாநிலப் பூ, சிம்பாப்வேயின்ர தேசியப் பூ. இஞ்சத்தைய அரசியலுக்கு வேற இழை இருக்கு, இதில வேண்டாம்.

கொல்சிக்கம் ஊரில வளராது. அதுக்குக் குளிர்காலம் வேணும், யாழ்ப்பாணத்து மார்கழிக் குளிர் அதுக்குச் சூடு. கிழங்கு வந்த சத்தில ஒருக்கால் பூத்திட்டு முடிஞ்சிடும். தென்னாபிரிக்காவின்ர சாண்டர்சோனியாவும், செம்மஞ்சள் மணி மாதிரி பூ, இதே குடும்பம். அதின்ர கிழங்கும் ரெண்டு கை வைச்சது. நியூசிலாந்தில வளர்த்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்தவை. அதுக்கும் எங்கட வெக்கை ஒத்துவராது. அதோட, கிழங்கைத் தபாலில போட்டு அனுப்பிறது சட்டப்படி பிழை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேணும். மண் ஒட்டின கிழங்கோட என்ன புழு வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

இலங்கையில இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு ஆள் இருக்கு, கனபேர் மிதிச்சுப்போட்டுப் போறவை: இபிஜீனியா இண்டிக்கா. புல்லு மாதிரி இலை, சாண் உயரம், நூல் மாதிரி ஆறு இதழோட கருஞ்சிவப்புப் பூ. மழைக்கு எழும்பும். புல்லோட புல்லாய் நிக்கும். கார்த்திகைப்பூவில இருக்கிற கொல்சிசின் அதிலயும் இருக்கு.

பதிவு 13 | கதியால்

துரவு ஐயா, நன்றி. கொல்சிசின் எண்டது நஞ்சுதானே? வீட்டில பிள்ளையள் இருக்கு, ஆடும் ரெண்டு நிக்குது.

பதிவு 14 | மருந்துப்பெட்டி

இதைக் கொஞ்சம் விரிவாய் எழுதுறன், ஏனெண்டால் இந்த இழையில கனபேர் கிழங்கை மணலுக்குள்ள போட்டுக் களஞ்சிய அறையில வைக்கப் போறியள்.

செடி முழுக்க நஞ்சு. கிழங்கிலயும் விதையிலயும்தான் நஞ்சு கூட. அவிச்சாலும் காயவைச்சாலும் கொல்சிசின் அழியாது. வற்றாளைக் கிழங்கெண்டு நினைச்சு அவிச்சுச் சாப்பிட்டு இறந்தவை இலங்கையில இருக்கினம். இராசவள்ளி, வற்றாளை வைக்கிற கடகத்துக்குப் பக்கத்தில இதை வைக்கவே கூடாது. இராசவள்ளிப் பாத்தியிலயும் நடவேண்டாம், கிண்டுறது வேற ஆளாயிருக்கும். முட்டியில 'நஞ்சு' எண்டு பெயின்ற்றால எழுதுங்கோ, கடதாசி ஒட்டினால் விழுந்திடும்.

எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரிஞ்சால் ஏன் ஆபத்தெண்டு விளங்கும். கலம் ரெண்டாய்ப் பிரியேக்க நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கிற நூல்களை இது கட்டவிடாது. கலப்பிரிவு அப்பிடியே நிண்டிடும். அதால முதல்ல அடிபடுறது வேகமாய்ப் பிரியிற கலங்கள்: குடல் உள்தோல், எலும்பு மச்சை, மயிர் வேர்.

சாப்பிட்டு சில மணித்தியாலத்தில வாய் எரிவு, சத்தி, வயித்துவலி, வயித்தோட்டம். பிறகு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும். அதில ஏமாறக்கூடாது. 24 தொடக்கம் 72 மணித்தியாலத்துக்குள்ளதான் இதயம், சிறுநீரகம், இரத்தக் கலங்கள் தாக்கப்படும். தப்பினவைக்கு ரெண்டு கிழமையளவில தலைமயிர் கொட்டும், பிறகு முளைக்கும். கையில எடுத்துக் குடுக்கிற மாற்றுமருந்து இல்லை, ஆதரவுச் சிகிச்சைதான். ஆகவே ஒரு வாய் தின்டதெண்டு சந்தேகம் வந்தாலும், சத்தி வருமோ எண்டு பாத்துக்கொண்டிராமல், 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. மிச்சக் கிழங்கையும் கொண்டுபோங்கோ, வைத்தியருக்கு அடையாளம் காணச் சுகம். உப்புத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம்.

ஆடு மாடுக்கும் இதே கதிதான். வேலிக் கொடியை அறுத்து மற்றக் குழையோட போட்டுவிடாதேங்கோ.

கிழங்கு கையாளேக்க றப்பர் கையுறை. பால் மாதிரி ஒண்டும் வடியாது, ஆனால் சாறு பட்டுச் சிலருக்குத் தோல் எரியும். வெட்டின கத்தி குசினிக்குத் திரும்பக்கூடாது.

பாம்புக்கடி, பிரசவம் எண்டு வீட்டு மருந்தாய் இதைப் பாவிச்ச காலம் ஒண்டு இருந்தது. அதை இழையில ஆரும் செய்முறையாய் எழுதவேண்டாம். வாதத்தில ஒரு வகையான கௌட்டுக்குக் கொல்சிசின் குளிசை இருக்கு, அதை வைத்தியர் மில்லிகிராம் கணக்கில குடுக்கிறார். நோய்க்குக் காணிற அளவுக்கும் ஆளைக் கொல்லுற அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்.

பதிவு 15 | துரவு

ஒரு சின்ன ஒட்டு. மருந்துப்பெட்டி சொன்ன அதே தன்மையைத்தான் பயிர் இனவிருத்தியில பாவிக்கினம். கலம் பிரியாமல் நிறமூர்த்தம் மட்டும் ரெட்டிச்சால் நான்மடியச் செடி, அதாவது நாலு தொகுதி நிறமூர்த்தம் உள்ள செடி, கிடைக்கும். 1937இல பிளேக்சிலியும் ஏவரியும் கொல்சிசினால இதைச் செய்து காட்டிச்சினம். விதையில்லா வத்தகப்பழம் அந்த வழியால வந்ததுதான்: நான்மடியத்தையும் சாதாரணத்தையும் கலக்க, விதை பிடிக்காத மும்மடியம்.

பதிவு 16 | ஈர்க்குக்கட்டு

எனக்கு வேற பிரச்சினை. கொடி பூக்கேக்க விழுந்து சரியுது. 2 அங்குலப் பைப் நட்டு விட்டிருக்கு, பிடிக்கிறதேயில்லை. அதோட கார்த்திகை நடுவில ஒரு கரும்புழு, சிவப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளி, ஒரு ராவில இலை முழுக்க முடிச்சிட்டுது.

பதிவு 17 | வடலி

பைப்பைக் கழட்டுங்கோ. இந்தக் கொடிக்குப் பாவல் மாதிரித் தனிப் பற்றுக்கம்பி இல்லை. இலையின்ர நுனியே சுருண்டு பிடிக்குது. அந்தச் சுருள் ஒரு ஈர்க்கைச் சுத்தும், பென்சில் மொத்தத்தையும் ஒருமாதிரிச் சுத்தும். அதுக்கு மேல மொத்தமெண்டால் வழுக்கும். சணல் கயிறு, ஈர்க்கு, காய்ந்த கிழுவை மிலாறு, கோழிக்கூட்டு வலை நல்லது. கொடி 5, 6 அடி போகும் எண்டு கணக்கு வையுங்கோ. நடேக்கயே ஊண்டவேணும், முளைச்ச பிறகு குத்தினால் குச்சி நேர கிழங்குக்குள்ளதான் போகும். ஆகச் சிறந்தது கதியால் வேலி: கிழுவைக் கிளை அளவான மெல்லிசு, கீழ நிழல், மேல வெய்யில்.

முதல் முளையை முறிக்காதேங்கோ. அது முறிஞ்சால் அந்தக் கைக்கு அந்த வருசம் முடிஞ்சுது, பக்க முளை வராது.

பதிவு 18 | செம்மண்

புழு பொலித்தெலா குளோரியோசே எண்ட அந்துப்பூச்சியின்ரது. கார்த்திகைப்பூவிலயும் விசமூங்கிலிலயும் வரும். கூட்டமாய்த் தின்னும், அதால கையால பொறுக்கிறது சுகம்: காலமை வெள்ளன, சவுக்காரத் தண்ணி வாளி ஒண்டோட. கனக்க எண்டால் வேப்பம்பருப்பு 50 கிராமை இடிச்சு 1 லீற்றர் தண்ணியில ஒரு ராவு ஊறவிட்டு, துணியால வடிச்சு, சவுக்காரம் கொஞ்சம் கரைச்சு, பின்னேரம் இலையின்ர ரெண்டு பக்கமும் தெளியுங்கோ. மழை பெய்தால் திரும்ப. புழு சின்னனாய் இருக்கேக்கதான் இது வேலை செய்யும். ஒரு அங்குலம் வந்த புழுவுக்குக் கைதான் மருந்து.

மற்றது இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிண்டால், பசளைக் குறை எண்டு யூரியா போடாதேங்கோ. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. மண்ணில இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. அன்னபேதி (இரும்பு உப்பு) 5 கிராம் 1 லீற்றர் தண்ணிக்கு, இலையில பின்னேரம் ஒருக்கால் தெளியுங்கோ, 10 நாளில திரும்ப ஒருக்கால். இதே காரணத்தால அடுப்புச் சாம்பல் போடாதேங்கோ, இருக்கிற சுண்ணாம்புத்தன்மையை அது கூட்டும். மழைத்தண்ணி பிடிச்சு விடக்கூடியவை சாடிக்கு அதை விடட்டும்.

அழுகலில ரெண்டு வகை. வெறும் களியாய் நாறினால் தண்ணி கூடினது. அடித்தண்டில வெள்ளை நூலும் கடுகு மாதிரி மண்ணிறக் குண்டுகளும் கண்டால் ஸ்கிளெரோசியம் எண்ட பங்கசு. அந்தக் கிழங்கையும் சுத்தவர ஒரு அடி மண்ணையும் எடுத்து வெளியில போடுங்கோ, குப்பைக்கிடங்குக்குள்ள இல்லை. அந்தக் கடுகு மண்ணில வருசக்கணக்காய்க் கிடக்கும். அந்த இடத்தில நிலக்கடலையோ வெங்காயமோ வைச்சாலும் அடிக்கும்.

பதிவு 19 | மாவிட்டபுரம்_மல்லிகை

பூ நிறைய வருது, காய் பிடிக்குதில்லை. விதை எடுக்க என்ன செய்யவேணும்?

பதிவு 20 | துரவு

பூவை ஒருக்கால் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ. ஆறு இதழும் மேல்நோக்கி மடிஞ்சு, விளிம்பு நெளிஞ்சு நிக்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில இருந்து சிவப்பு இறங்கும். ஆறு மகரந்தக் கேசரமும் சக்கர ஆரை மாதிரிச் சுத்தவர நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் சூல்தண்டு சூலகத்தின்ர அடியிலயே ஒரு பக்கம் முறிஞ்ச மாதிரி மடங்கி, பூவுக்கு வெளியால போகும். மகரந்தமும் குறியும் ஒண்டை ஒண்டு தொடாத ஏற்பாடு. ஊரில தேன்சிட்டும் வண்ணத்திப்பூச்சியும் இடையில முட்டி வேலையை முடிக்கும். ரொறன்ரோ பல்கனியில அதுகள் இல்லை.

காலமை 8 மணி தொடக்கம் 11 மணிக்குள்ள, மகரந்தப்பை வெடிச்சு மஞ்சள் தூள் தெரியேக்க, ஒரு கேசரத்தைக் கிள்ளி எடுத்து, இன்னொரு கொடியின்ர பூவில சூல்தண்டு நுனியில மூண்டாய்ப் பிரிஞ்சிருக்கிற குறியில தடவுங்கோ. சூலகம் ஒரு கிழமையில பருக்கும். காய் மஞ்சளாகித் தோல் சுருங்கேக்க பறிச்சால் நிழலில வெடிக்கும், உள்ளுக்குச் செம்மஞ்சள் விதை. பிள்ளையள் மணியெண்டு எடுக்கிற நிறம், கவனம்.

விதையில பொறுமை வேணும். முளைக்கச் சில மாதம் எடுக்கும், ஒரே நேரத்தில முளைக்காது. முதல் வருசம் கடலை அளவு கிழங்கு. பூவுக்கு 3, 4 வருசம். கிழங்குதான் வேணுமெண்டால் காயைக் கிள்ளி எறியுங்கோ, அந்தச் சத்துக் கீழ போகும்.

பதிவு 21 | கதியால்

அப்ப இந்த வருசத்துக்கு என்ர ஒழுங்கு: நிண்ட கொடி காயவிட்டு, மல்லிகைப் பாத்தியில கிடக்கிறபடியால் எடுத்து மணலுக்குள்ள. புரட்டாதியில சாடியில. சாடிக் கலவை என்ன, எப்ப சரியாய் நடுறது?

பதிவு 22 | செம்மண்

12 அங்குல வாயும் அதே ஆழமும் உள்ள சாடி. அடியில ஓட்டை 4, 5. ஓட்டுத்துண்டு ஒரு படை. கலவை செம்மண் 2 பங்கு, கரடுமணல் 2 பங்கு, நல்லாய் மக்கின மாட்டெரு 1 பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. பச்சை எரு கிழங்கைப் பொசுக்கும். அந்தச் சாடிக்கு ஒரு கலப்பை.

நடுகை புரட்டாதி முதல் கிழமை. முளையில இருந்து பூவுக்கு 8 தொடக்கம் 10 கிழமை வைச்சால் கார்த்திகை பிறக்க முதல் மொட்டு. நட்ட அண்டைக்கு ஒருக்கால் நனைச்சு, பிறகு முளை மண்ணுக்கு மேல வரும்வரைக்கும் விரலை விட்டுப் பாத்து 2 அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். முளை வந்த பிறகு தாராளமாய் விடலாம், மழை தொடங்கினால் அதுவும் தேவையில்லை. ரெண்டு நாள் தொடர்மழை எண்டால் சாடியைச் சரிச்சு வையுங்கோ. ஒரு சாண் வளர ஒரு பிடி மக்கெரு, மொட்டுக் காணேக்க இன்னொரு பிடி.

முட்டிக்குள்ள இருக்கேக்கயே ஆவணியில நுனி வெள்ளையாய்ப் பருத்தால் திகதி பாக்காமல் அண்டைக்கே நடுங்கோ.

பதிவு 23 | வடலி

எடுக்கேக்க நிறையைக் குறிச்சு வையுங்கோ. 30 கிராமுக்குக் கீழ எண்டால் கார்த்திகையில வந்து பூ எங்க எண்டு கேக்கக்கூடாது.

பதிவு 24 | கதியால்

தராசு எடுத்து வைச்சாச்சு. அதும் குசினித் தராசு இல்லை.